முக அக்குபங்சருக்குப் போகிறவர்கள் அறிய வேண்டியவை

நெற்றி, கண்ணோரம், கன்னம், தாடை ஆகிய இடங்களில் மயிரிழையளவு மெல்லிய ஊசிகளைச் செருகி, இருபது முப்பது நிமிடம் விட்டு எடுத்தால் சுருக்கம் குறைந்து முகம் பொலிவு பெறும் என்று சொல்லிச் செய்யப்படும் சிகிச்சையே முக அக்குபங்சர். அழகு அக்குபங்சர் என்றும் இதைச் சொல்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இதைப் பற்றி விசாரிப்பவர்களில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் பலர். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களும் உண்டு. தசையைத் தளர்த்தும் ஊசி மருந்தான போடாக்ஸ் என்றால் அவர்களுக்குப் பயம். வாங்கிப் பார்த்த கிரீம்களில் நம்பிக்கை போய்விட்டது. மருந்து எதுவும் உடம்புக்குள் போகாத வழி ஒன்று இருந்தால் பார்க்கலாமே என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் 'இயற்கை முறை' என்று பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி முகத்தைக் கொடுத்துவிடக் கூடாது. முகப் பராமரிப்பில் இதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளலாம், முதல் படியாக வைக்கக் கூடாது என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிட்டு, போவதென்று முடிவெடுத்தவர்கள் செய்ய வேண்டியவற்றை விரிவாகச் சொல்கிறேன்.

முகம் தளர்வதன் காரணம்

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். இளமைப் பருவம் முடிந்ததிலிருந்து அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்துகொண்டே வருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் அந்த இழப்பு வேகமெடுத்து, தோலின் கொலாஜனில் 30 சதவீதம் வரை போய்விடுகிறது. இது எல்லோருக்கும் வருவது, யாராலும் நிறுத்த முடியாதது. நிறுத்தக் கூடியது வேறொன்று இருக்கிறது, அது வெயில்.

2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் அமெரிக்க லாரி ஓட்டுநர் ஒருவரின் படத்தை வெளியிட்டது. அவருக்கு வயது 69. சரக்கு வண்டி ஓட்டியது 28 ஆண்டுகள். அந்த நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடப்புறம் இருப்பதால் அவருடைய இடக்கன்னம் தடித்து, ஆழமாக மடிந்து, வலக்கன்னத்தைவிடப் பல ஆண்டுகள் மூத்ததாகத் தெரிந்தது. வண்டிக் கண்ணாடி, தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கதிரைத் தடுத்துவிடும். ஆழமாக இறங்கிக் கொலாஜனைச் சிதைக்கும் யு.வி.ஏ. கதிரைப் பெரிதும் உள்ளே விட்டுவிடும். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரியோ ரிக் வண்டியோ ஓட்டி மூத்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய வலப்பக்க முகத்தையும் வலது முழங்கையையும் இடப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்புறம். ஒரே ஆளின் ஒரே வயதுள்ள தோலில், வெயில் பட்ட பக்கமும் படாத பக்கமும் வேறாக இருப்பதை அங்கே காணலாம்.

நம் வட்டாரத்துக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கங்களில் தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. போதாததற்குப் பல வீடுகளில் முகம் கழுவுவது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில். அதில் சோப்பு சரியாக நுரைக்காமல் தோலில் படிந்து நிற்கும். இதனால் ஏற்படும் வறட்சி கண்ணோரத்தில் மெல்லிய கோடுகளாகத் தெரியும். பலரும் அதை வயதுச் சுருக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல தண்ணீரில் முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவிவந்தால் சில வாரங்களில் அந்தக் கோடுகள் பாதி மறைந்துவிடும். அதற்கு ஊசி தேவையில்லை.

ஊசி என்ன செய்கிறது

மரபு வழி விளக்கத்தில், உடலில் ஓடும் சக்திப் பாதைகளில் ஏற்பட்ட தடையை ஊசி நீக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 1991-இல் வெளியிட்ட பெயர்ப் பட்டியலில் அந்தப் பாதைகள் மீது 361 புள்ளிகள் இருக்கின்றன. நவீன விளக்கம் வேறு. ஊசி ஏற்படுத்தும் நுண்ணிய காயத்தை ஆற்ற அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, ஆற்றும் வேலையின் ஒரு பகுதியாகப் புதிய கொலாஜன் உருவாகலாம் என்பது அது. ஊசியை லேசாகத் திருகும்போது தோலடி இழைகள் அதைச் சுற்றிக்கொண்டு இழுபடுவதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் இழை இழுபடுவதும் கன்னத்து மடிப்பு மறைவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே நிரூபிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

நிரூபணம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு 2013-இல் வெளியான இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று தென்கொரியாவில் நடந்த முக அக்குபங்சர் ஆய்வு. நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையிலான 28 பெண்களுக்கு மூன்று வாரங்களில் 5 முறை ஊசி வைத்துப் பார்த்ததில், முகத்தின் நெகிழ்வு கூடியதாக அளவீடு காட்டியது. ஊசி வைக்காத பெண்கள் அடங்கிய ஒப்பீட்டுக் குழு அந்த ஆய்வில் கிடையாது. பலன் எவ்வளவு மாதம் நின்றது என்பதும் அதிலிருந்து தெரியாது. மற்றொன்று ஆஸ்திரேலியாவில் 903 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசவைத்து நாலரை ஆண்டுகள் நடத்திய ஆய்வு. தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. ஒன்று நம்பிக்கை தரும் தொடக்கம், மற்றொன்று உறுதியான சான்று. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எதற்குச் செலவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது இது. எஸ்.பி.எஃப். என்ற வெயில் தடுப்பு அளவு 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் காலையில் பூசி, வெயிலில் நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். தோட்டத்துக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் முக்காடோ அகலத் தொப்பியோ சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. குறைந்தது மூன்று மாதம் இதைச் செய்து, அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் அக்குபங்சரை யோசிக்கலாம்.

எதிர்பார்க்கக் கூடியதும் கூடாததும்

மெல்லிய கோடுகள் சற்று மென்மையாகலாம். முகத்தின் களைப்பு நீங்கியது போலத் தெரியலாம். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைத் தசை இறுகிப்போனவர்களுக்கு அந்த இறுக்கம் தளரலாம். அரை மணி நேரம் கைப்பேசியை வைத்துவிட்டுக் கண்மூடிப் படுத்திருப்பதே பலருக்குப் பாதி பலன் என்று நான் நினைக்கிறேன். அதையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆழமான கன்ன மடிப்பு, தொங்கும் தாடை, கழுத்துச் சதைத் தளர்ச்சி ஆகியவை ஊசியால் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 'பக்கவிளைவில்லாத போடாக்ஸ்' என்ற விளம்பர வாசகமும் பொருந்தாத ஒப்பீடு. போடாக்ஸ் தசையின் அசைவைச் சில மாதங்களுக்கு நிறுத்துகிறது. அக்குபங்சர் ஊசி எந்தத் தசையையும் அப்படி நிறுத்துவதில்லை.

மங்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்கள் முகத்துக்காக வைத்தியம் தேடுவதில் பாதி அதற்குத்தான். கன்னத்திலும் மூக்கின் மேலும் பழுப்பாகப் படரும் மங்குக்கு ஊசி மருந்தாகாது. நம் மாநிறத் தோலில் சிறு காயம் ஆறினாலும் அந்த இடம் கறுத்துப்போகும் இயல்பு உண்டு. பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கரும்புள்ளி நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மங்கு உள்ள கன்னத்தில் வாரா வாரம் ஊசி வைத்து வெயிலிலும் திரிந்தால், இருப்பது கூடவே வாய்ப்பு அதிகம். அதற்குத் தோல் டாக்டரிடம்தான் போக வேண்டும். மருந்துக் கடையில் 'சிவப்பழகு கிரீம்' என்று கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் பூசுபவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஸ்டீராய்டு கலந்த கிரீம் முகத்தோலை மெலிய வைத்து, ரத்த நாளங்கள் வெளியே தெரியும்படி செய்துவிடும். பாதரசம் கலந்த கிரீம் சிறுநீரகத்தையே பாதிக்கும். அப்படி மெலிந்துபோன தோலில் ஊசி வைப்பது அறவே கூடாது.

யார் போகக் கூடாது

கர்ப்பிணிகள் தள்ளிப்போட வேண்டும். முகத்தில் வைக்கும் ஊசிகளோடு கையிலும் காலிலும் சில ஊசிகள் வைப்பது வழக்கம். அவற்றில் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள எல்.ஐ. 4, உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள எஸ்.பி. 6 ஆகிய இரண்டு புள்ளிகளையும் கர்ப்பத்தில் தொடக் கூடாது என்பது அக்குபங்சர் மரபிலேயே உள்ள விதி. ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், தட்டணுக்கள் குறைந்தவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், காயம் பட்ட இடத்தில் தழும்பு மேடாக வளரும் இயல்பு உள்ளவர்கள், முகத்தில் சீழ்ப் பருவோ வாயோரக் கொப்புளமோ இருப்பவர்கள் ஆகியோரும் போகக் கூடாது. போடாக்ஸோ, சுருக்கத்தை நிரப்ப ஊசியால் செலுத்தும் ஃபில்லரோ போட்டிருந்தால் குறைந்தது இரண்டு வாரமாவது பொறுத்து, போட்ட மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செல்ல வேண்டும். ஊசிகளில் மின்சாரம் செலுத்தும் முறை, இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஊசி பட்ட இடம் எளிதில் கன்றிப்போகும். அதற்காக அந்த மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் போகலாம் என்று நினைப்பது உயிருக்கு ஆபத்து. இதய நோய்க்காகவோ பக்கவாதத்துக்குப் பிறகோ தரப்பட்ட மாத்திரையை அழகுக்காக நிறுத்தக் கூடாது. நிறுத்தச் சொல்லும் சிகிச்சையாளர் இருந்தால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

யாரிடம் போவது

இந்தியாவில் அக்குபங்சருக்கு ஒரு பாதையை வகுத்தவர்களில் முதன்மையானவர், 1938-இல் மருத்துவர் கோட்னிஸுடன் சீனா சென்ற மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் பி.கே. பாசு. அவர் பின்னாளில் அங்கே மறுபடி சென்று அக்குபங்சர் கற்று வந்து கல்கத்தாவில் தொடங்கினார். மத்திய அரசு 2003-இல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, 2019-இல் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. அங்கீகாரம் வந்துவிட்டது என்பதால், பலகை மாட்டியிருக்கும் எல்லோரும் ஒரே பயிற்சி பெற்றவர்கள் என்று ஆகிவிடாது. சிலர் பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவப் பட்டம் பெற்றவர்கள். ஐந்தரை ஆண்டுப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். சிலர் ஓராண்டுப் பட்டயமோ அதற்கும் குறைந்த பயிற்சியோ பெற்றவர்கள். தமிழ்நாட்டில் 'ஹீலர்' என்று அழைக்கப்படுகிறவர்களில் பலர் ஊசியே வைப்பதில்லை. நாடி பார்த்து, விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பும் தொடுசிகிச்சைதான் அவர்கள் செய்வது. முக அக்குபங்சர் அதிலிருந்து வேறான வேலை. முகத்து நரம்பும் ரத்த நாளமும் எங்கே ஓடுகின்றன, கண்குழியின் ஓரத்தில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் தடவை விசாரிக்க மட்டும் போங்கள். அன்றே படுத்துவிட வேண்டாம். எங்கே படித்தார், முகத்துக்கென்று தனிப் பயிற்சி உண்டா, கண்ணைச் சுற்றி எந்த அளவு ஊசி வைக்கிறார், கன்றிப்போனால் என்ன செய்வார் என்று கேளுங்கள். "ஊசி வெச்சா தழும்பு வருமுங்களா?" என்று கேட்டதற்கு, "வரவே வராதுங்க, நாங்க பொறுப்பு" என்று சிரித்துவிட்டு நகர்கிறவரைவிட, "தழும்பு அபூர்வம், ஆனா ரத்தக்கட்டு வரலாம், உங்க தோலுக்குக் கருமை நிக்கவும் வாய்ப்பிருக்கு" என்று சொல்கிறவர் நம்பத்தக்கவர். நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவராகவே கேட்டாரா என்பதையும் கவனியுங்கள். அதைக் கேட்காதவரிடம் மறுமுறை போக வேண்டியதில்லை. வேறு மருந்தை எல்லாம் விட்டுவிட்டு வரச் சொல்கிறவரிடமும் போக வேண்டியதில்லை.

ஊசிப் பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய சிறு உறை அது. ஒரு முனையைப் பிடித்து உரித்தால் ஊசியும், ஊசியைவிடக் கொஞ்சம் நீளம் குறைந்த சன்னமான பிளாஸ்டிக் குழாயும் இருக்கும். உறை மேல் கிருமி நீக்கிய தேதி, காலாவதித் தேதி, ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு, ஊசியின் அளவு ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். முகத்துக்கு உரிய ஊசியின் தடிமன் 0.12 முதல் 0.20 மில்லிமீட்டர், நீளம் சுமார் 13 முதல் 15 மில்லிமீட்டர். கை கால்களுக்கு வைக்கும் 0.25 மில்லிமீட்டர் ஊசியை முகத்திலும் வைப்பது சிக்கனம் பார்க்கும் வேலை. வலியும் கன்றலும் கூடும். "உங்க ஊசியைத் தனியா டப்பாவில் போட்டு வெச்சு உங்களுக்கே வைப்போம்" என்று சொல்லும் இடங்களையும் தவிர்த்துவிடுங்கள். டப்பா மாறினால் ஹெபடைட்டிஸ் பி முதல் எச்.ஐ.வி. வரை பரவ வழியுண்டு. பயன்படுத்திய ஊசி குப்பைக்கூடைக்குப் போகக் கூடாது. மருத்துவக் கழிவு விதிகளின்படி அது துளைபடாத வெள்ளை நிறப் பெட்டிக்குள் விழ வேண்டும். அந்தப் பெட்டி அறையில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தாலே அந்த இடத்தின் ஒழுங்கு பாதி தெரிந்துவிடும்.

கட்டணத்தைப் பேசும்போது ஒரு முறைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. வாரம் ஒன்றோ இரண்டோ என்ற கணக்கில் பத்து முதல் பன்னிரண்டு முறை என்பது வழக்கமான சுற்று. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை என்று தொடரச் சொல்வார்கள். ஓராண்டுக்கு மொத்தம் என்ன ஆகும் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முழுச் சுற்றுக்கும் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். இரண்டு முறை போய்ப் பார்க்காமல் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கல்யாணத் தேதியும் ஊசித் தேதியும்

முகூர்த்தத்துக்காகச் செய்துகொள்கிறவர்கள் நாளைப் பின்னிருந்து எண்ண வேண்டும். கண்ணோரத்தில் ஒரு சிறு ரத்தக்கட்டு ஏற்பட்டால் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறைய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஆகவே கடைசி ஊசிக்கும் கல்யாணத்துக்கும் நடுவே இரண்டு வாரமாவது இருக்கட்டும். ஆவணி முகூர்த்தம் என்றால், ஆனி நடுவில் தொடங்கி வாரம் இரண்டாக வைத்து ஆடி முடிவதற்குள் சுற்றை முடித்துவிடலாம். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் போய் முதல் ஊசி வைத்துக்கொள்வது போன்ற அவசரம் வேறில்லை.

தொடங்குவதற்கு முன் முகத்தைப் படம் எடுத்து வையுங்கள். இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு பலன் உண்டா இல்லையா என்பது கண்ணாடி முன் நிற்கும் அன்றைய மனநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது. கைப்பேசியில் முகத்தை மெருகேற்றும் 'பியூட்டி' வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். முதலில் அதை நிறுத்த வேண்டும். காலை ஒரே நேரத்தில், ஒரே ஜன்னலுக்கு எதிரில், பவுடர் பூசாமல், தலைமுடியை ஒதுக்கிக் கட்டி, நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, சிரித்தபடி ஒன்று என எடுங்கள். நின்ற இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துவைத்தால் அடுத்த முறை தூரம் மாறாது.

ஊசி வைக்கும் நாள்

வெறும் வயிற்றில் போகக் கூடாது. இரண்டு இட்லியோ ஒரு தோசையோ சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போவது சரி. பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேரே வருகிறவர்களுக்கும், விரதம் இருக்கிறவர்களுக்கும் ஊசி வைத்ததும் தலை சுற்றி, வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வரலாம். அப்படி வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். ஊசிகளை எடுத்துவிட்டுக் காலை உயர்த்திப் படுக்கவைத்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். முதல் தடவை உட்கார்ந்து வைத்துக்கொள்ளாமல் படுத்து வைத்துக்கொள்வதற்கும் இதுதான் காரணம். ரெட்டினால், டிரெட்டினாயின் போன்ற இரவுக் கிரீம் பூசுகிறவர்கள் இரண்டு மூன்று நாள் முன்னதாக அதை நிறுத்திக்கொள்ளலாம். புருவம் திருத்துவது, பிளீச், ஃபேஷியல் எதையும் அதே நாளில் சேர்க்க வேண்டாம்.

சிகிச்சையாளர் கைகழுவினாரா, உங்கள் முகத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அது உலரும்வரை பொறுத்தாரா என்று கவனியுங்கள். உலராமல் குத்தினால் சுரீரென்று எரியும். குழாயைத் தோல் மேல் நிறுத்தி, ஊசியின் தலையை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். குழாயை எடுத்துவிட்டு, தேவையானால் கொஞ்சம் உள்ளே செலுத்துவார். புருவ மத்தியிலும் கன்னத்திலும் பெரும்பாலும் கொசு கடித்த அளவுக்குத்தான் தெரியும். மூக்குச் சிறகின் ஓரத்திலும் மேலுதட்டிலும் கண்ணில் நீர் வருமளவுக்குச் சுருக்கென்று இருக்கும். கையிலும் முழங்காலுக்குக் கீழே உள்ள எஸ்.டி. 36 புள்ளியிலும் மந்தமான ஒரு பாரம் பரவும், அது வழக்கமானது. மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வெட்டு ஓடினால் ஊசி நரம்பருகே பட்டிருக்கிறது என்று பொருள். பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே சொல்லி, அதை எடுக்கச் செய்ய வேண்டும்.

மொத்தம் எத்தனை ஊசி வைத்தார் என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எடுக்கும்போதும் எண்ணச் சொல்லுங்கள். நெற்றி முடியோரத்தில் வைத்த ஊசி முடிக்குள் மறைந்து, வீட்டுக்கு வந்து சீப்பில் தட்டுப்படுவது நடக்கக் கூடியதே. எடுத்த இடத்தில் சிறு துளி ரத்தம் வந்தால் தேய்க்காமல் உலர்ந்த பஞ்சை வைத்து ஒரு நிமிடம் அழுத்தினால் போதும். கண்ணுக்குக் கீழே அந்த அழுத்தம் இன்னும் கொஞ்ச நேரம் தேவை, அங்கேதான் தோல் மிக மெலிது.

எழுந்து கண்ணாடி பார்த்ததும் முகம் செம்மை ஏறி, சற்றுப் பூரித்து, சுருக்கம் குறைந்து தெரியும். இதைக் கண்டு பலர் அங்கேயே முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பூரிப்பு, குத்திய இடங்களில் கூடிய ரத்த ஓட்டமும் லேசான வீக்கமும்தான். ஓரிரு நாளில் வடிந்துவிடும். பலனை அன்று அளக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பின்

அன்று முழுவதும் முகத்தைத் தேய்க்காமல், மேக்கப் போடாமல், வெயிலில் நிற்காமல் இருக்க வேண்டும். கன்றிய இடத்தில் முதல் நாள் மட்டும் துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடம் வைக்கலாம். மஞ்சள் பூசலாமா என்பது நம் ஊரில் கட்டாயம் வரும் கேள்வி. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான், ஆனால் ஊசி பட்ட துளைகள் ஆறுவதற்குள் அதை முகத்தில் அப்புவது வேண்டாம். சமையல் மஞ்சள் சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். கடைத்தூளில் நிறத்துக்காகக் கலப்படம் இருந்தால் அதுவும் சேர்ந்து தோலில் ஏறும். காங்கயத்துச் செக்குத் தேங்காய் எண்ணெய் கை கால் வறட்சிக்கு நல்லது. முகத்தில் பூசினால் பரு வரும் இயல்புள்ளவர்களுக்குத் துளை அடைத்துப் பருவைக் கூட்டும்.

குத்திய இடம் மறுநாளும் சிவந்து, சூடாகி, வலி கூடிக்கொண்டே போனாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ சிகிச்சையாளருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட பகுதியின் ரத்த நாளங்கள் மூளையின் அடிப்பகுதி நாளங்களோடு தொடர்புடையவை என்பதால் அங்கே வரும் தொற்றை அலட்சியம் செய்யக் கூடாது. முகத்தின் ஒரு பக்கம் மரத்துப்போனாலும், கண்ணை மூட முடியாமல் வாய் கோணினாலும் அன்றே அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும்.

ஆன்லைனில் ஊசி வாங்கி வீட்டில் தாங்களே வைத்துக்கொள்ளும் முயற்சியையும், முட்கள் பதித்த உருளையை முகத்தில் உருட்டும் முயற்சியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊசி இல்லாமல் ஏதாவது செய்ய விரும்புகிறவர்கள் அதே புள்ளிகளை விரலால் அழுத்தலாம். புருவ மத்தி, புருவத்தின் உள்முனை, மூக்குச் சிறகின் ஓரம், பல்லைக் கடிக்கும்போது புடைக்கும் தாடைத் தசை ஆகிய இடங்களில், கைகழுவிய பின், தோலை இழுக்காமல், ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் மிதமாக அழுத்திவிட வேண்டும். சுருக்கம் போகும் என்று சொல்ல மாட்டேன். தாடை இறுக்கத்துக்கு நல்லது, செலவும் இல்லை.

பலன் உண்டா என்று பார்ப்பது

சுற்றில் பாதி முடிந்ததும் ஒருமுறை, கடைசி ஊசி முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, முன்பு எடுத்த அதே முறையில் படம் எடுங்கள். பிறகு, சிகிச்சை பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம், நாத்தனாரோ பக்கத்து வீட்டு அக்காவோ யாராவது, பழைய படத்தையும் புதிய படத்தையும் தேதி தெரியாமல் காட்டி, எதில் முகம் நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். ஒருவர் சொல்வது தற்செயலாக இருக்கலாம் என்பதால் நான்கைந்து பேரிடம் கேட்பது நல்லது. பெரும்பாலோர் புதிய படத்தைக் காட்டினால் உங்களுக்கு ஏதோ பலன் இருக்கிறது; மாதம் ஒருமுறை தொடர்வதா என்று யோசிக்கலாம். சன்ஸ்கிரீனையும் அதே காலத்தில் தொடங்கியிருந்தால், கிடைத்த பலன் எதனுடையது என்று பிரித்தறிய முடியாது. அதனால்தான் மூன்று மாதம் முன்னதாகவே அதைத் தொடங்கச் சொன்னேன். அவர்கள் ஆளுக்கொரு படத்தைச் சொன்னால் இன்னொரு சுற்றுக்குப் பணம் கட்ட வேண்டாம். "இன்னும் அஞ்சு தடவை வந்தா தெரியுமுங்க" என்ற பேச்சுக்கு எல்லையே கிடையாது.

தொடர்வதானால், ஒவ்வொரு முறையும் வைத்த புள்ளிகள், ஊசியின் அளவு, தேதி, கன்றிய இடம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். வேறு ஊரில் வேறொருவரிடம் மாறினாலும், தோல் டாக்டரிடம் போக நேர்ந்தாலும், அந்தச் சீட்டைக் காட்டினால் போதும்.